பெய்னாக் கோட்டை அடிவாரத்துல கேம்பிங் காரோட மூணு ராத்திரி: எல்லாரும் கேக்குற கேள்விகள்

போன ஜூன் கடைசில ஒரு கேம்பிங் கார், அதாவது படுக்கை, அடுப்பு, டாய்லெட் எல்லாம் உள்ளயே இருக்குற வண்டி, வாடகைக்கு எடுத்து தொர்தோஞ் ஆத்தங்கரைக்கு போயிட்டு வந்தோம். நான், வீட்டம்மா, ரெண்டு பசங்க, புதுச்சேரில இருந்து வந்திருந்த எங்கம்மா, மொத்தம் அஞ்சு பேர். போட்டோ அனுப்புனதுல இருந்து ஆளாளுக்கு போன் போட்டு அதே கேள்விங்களையே கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிச்சு போச்சு, அதனால எல்லாத்தையும் இங்கயே எழுதி வெச்சிடுறேன்.

இது எங்க இருக்கு?

பிரான்சோட தென்மேற்கு பக்கம், பெரிகோர்னு பழைய பேர் உள்ள பகுதி, இப்ப தொர்தோஞ் மாவட்டம். மாவட்டத்துக்கும் ஆத்துக்கும் ஒரே பேர். சார்லான்னு ஒரு பழைய டவுன், அங்கிருந்து சுமார் 10 கிலோமீட்டர்ல பெய்னாக். ஆறு வளைஞ்சு வர்ற இடத்துல 150 மீட்டர் உயரத்துக்கு செங்குத்தா ஒரு சுண்ணாம்புப் பாறை, பாறை உச்சில கோட்டை, கோட்டைல இருந்து ஆறு வரைக்கும் சரிவுல ஒட்டிக்கிட்டு தொங்குற மாதிரி ஊரு. அவ்ளோதான். பெரிய டவுன்லாம் இல்ல, ஒரு நாள்ல ஊர மூணு வாட்டி சுத்திடலாம்.

அவ்ளோ சின்ன ஊர்ல மூணு ராத்திரி என்ன பண்ணீங்க?

இததான் எல்லாரும் கேக்குறீங்க, எனக்கு சொல்ல வேண்டியதும் இதுதான். கேம்பிங் கார் எடுக்குறவங்க முக்கால்வாசி பேர் செய்ற தப்பு என்னன்னா வண்டி இருக்கேன்னு தினமும் ஒரு ஊரா ஓடிட்டே இருக்குறது. காலைல கேபிள் கழட்டு, கேஸ் மூடு, கப் போர்டு எல்லாம் பூட்டு, ஓட்டு, பார்க்கிங் தேடு, மறுபடி எல்லாத்தையும் திற. நாங்க மொத தடவ அப்படிதான் ஏழு நாள்ல ஆறு ஊர் போனோம், திரும்பி வந்தப்ப எந்த ஊர்ல எந்த சர்ச் பாத்தோம்னு பசங்களுக்கும் தெரியல எனக்கும் தெரியல.

இந்த வாட்டி ஒரே இடத்துல வண்டிய நிறுத்திட்டு சாவிய எடுத்து உள்ள வெச்சிட்டோம். ஊருக்கு கிழக்க ஆத்தோரமா ஒரு கேம்பிங் மைதானம், அங்க உக்காந்தா கோட்டை அப்படியே தலைக்கு மேல. காலைல வெயில் நேரா அந்த பாறை முகத்துல விழும், கல்லு தேன் கலர்ல இருக்கும். மதியம் வெளுத்துப்போய் சாதாரணமா தெரியும். ஜூன் கடைசில அங்க சூரியன் மறையவே ராத்திரி 9:45க்கு மேல ஆகும், அந்த நேரத்துல கோட்டைக்கு பின்னாடி வெளிச்சம் இறங்கி, கோட்டை முழுசும் கருப்பா, மேல உழவாரக் குருவி கூட்டம் கத்திக்கிட்டு சுத்தும். ஒரே கோட்டைதான், ஒரு நாளைக்கு நாலு கோட்டை பாத்த மாதிரி. மதியம் 2 மணிக்கு வந்து போட்டோ எடுத்துட்டு 4 மணிக்கு கிளம்புற பஸ்காரங்களுக்கு அந்த வெளுத்துப்போனதுதான் கிடைக்கும் பாவம்.

பாரிஸ்ல இருந்து எவ்ளோ தூரம், எந்த வழி?

சுமார் 530 கிலோமீட்டர். ஓர்லியான், வியெர்சோன் வரைக்கும் டோல் ரோடு, வியெர்சோன்ல இருந்து ஏ20 நெடுஞ்சாலை, அது லிமோஜ் வழியா பிரீவ் வரைக்கும் டோலே கிடையாது. பிரீவ் தாண்டி சுயாக்ல இறங்கி ஆத்த ஒட்டியே டி703 ரோட்டுல வந்தா கார்சாக், லா ரோக்-கஜாக், அப்புறம் பெய்னாக். கடைசி ஒரு மணி நேரம் ரோடு குறுகல், ஆனா அழகு.

டோல்ல ஒரு விஷயம். வண்டி உயரம் 2ல இருந்து 3 மீட்டருக்குள்ள இருந்தா கிளாஸ் 2, 3 மீட்டர தொட்டாலே கிளாஸ் 3, லாரி கூட்டத்துல சேத்துடுவாங்க. நாங்க அஞ்சு பேர்ங்கறதால டிரைவர் தலைக்கு மேல படுக்கை இருக்குற கப்யுசீன் மாடல் எடுத்தோம், அது 3 மீட்டர தாண்டிடும். அதனால டோல் கொஞ்சம் கடிச்சுது. காத்து அடிச்சா வண்டி லேசா ஆடும், 130 போக அனுமதி இருந்தாலும் நான் 100ஐ தாண்டல, அவசரம் இருக்குறவன் ரயில்ல போகட்டும்.

சாதா கார் லைசன்ஸ் போதுமா?

வண்டியோட மொத்த எடை 3.5 டன்னுக்குள்ள இருந்தா சாதா பி லைசன்ஸ் போதும், வாடகைக்கு வர்றது பெரும்பாலும் அந்த எடைதான். ஆட்டோமேட்டிக் மட்டும்னு லைசன்ஸ்ல கோட் 78 போட்டிருந்தா புக் பண்றப்பவே கேளுங்க, நிறைய வண்டி மேனுவல் கியர்தான். ஊர்ல இருந்து டூரிஸ்ட்டா வர்றவங்க இன்டர்நேஷனல் பர்மிட்டோட வாங்க, ஆனா வாடகைக்கு தர்றவங்க வயசு, எத்தன வருஷ அனுபவம்னு தனியா ரூல் வெச்சிருப்பாங்க.

எடையில ஏமாறாதீங்க. 3.5 டன்னுங்கறது வண்டி, தண்ணி, ஆளுங்க, சாமான் எல்லாம் சேத்து. பெரிய மாடல் காலியாவே 3 டன் வந்துடும், மிச்சத்துல அஞ்சு ஆளு, 100 லிட்டர் தண்ணி, அப்புறம் பாரிஸ்ல நம்ம கடைங்க இருக்குற லா சப்பல்ல வாங்குன 10 கிலோ அரிசி மூட்டை, அம்மாவோட இட்லி பாத்திரம்... போற வழியெல்லாம் தண்ணி டேங்க கால்வாசிதான் வெச்சிருந்தேன், போய் சேந்த பிறகு நிரப்பிக்கிட்டேன்.

வண்டிய ஊருக்குள்ள கொண்டு போக முடியுமா?

வேண்டாம். பெய்னாக்ல டி703 ரோடே பாறைக்கும் ஆத்துக்கும் நடுவுல நெருக்கிக்கிட்டு போகுது, எதிர்ல ஒரு பஸ் வந்தா ரெண்டு பேரும் மூச்ச உள்ள இழுத்துக்கணும். மேல ஊருக்குள்ள போற தெருவெல்லாம் கூழாங்கல் சந்து, மாட்டு வண்டி காலத்துது. ஜிபிஎஸ்ல கார்னு போட்டா அது பாட்டுக்கு அப்படி ஒரு சந்துல கொண்டு போய் விட்டுடும், அதனால வண்டியோட உயரம் அகலம் கேக்குற ஆப் ஏதாவது வெச்சுக்கோங்க. நிறைய பார்க்கிங் வாசல்ல 2 மீட்டர் உயரத்துல குறுக்க கம்பி போட்டிருப்பாங்க, கேம்பிங் கார் வரக்கூடாதுன்னுதான் அது. மொத தடவ நான் அந்த கம்பிய பாத்து கடைசி நொடில பிரேக் அடிச்சதுல கிச்சன் கதவு திறந்து ஒரு டப்பா துவரம்பருப்பு மொத்தமும் தரையில, இன்னும் எங்கயாவது ஒரு மூலையில இருக்கும், அடுத்து எடுத்தவங்க என்ன நினைச்சாங்களோ.

ரோட்டோரமா நிறுத்திட்டு தூங்கலாமா, எதுக்கு காசு குடுத்து கேம்பிங்?

பிரான்ஸ் சட்டப்படி கேம்பிங் காரும் ஒரு வண்டிதான், கார் எங்க நிறுத்தலாமோ அங்க அதுவும் நிக்கலாம், உள்ள நீங்க தூங்குறீங்களா முழிச்சிருக்கீங்களாங்கறது உங்க சமாச்சாரம். ஆனா நாற்காலி வெளிய போட்டு, பந்தல் மாதிரி அந்த வெயில் மறைப்ப விரிச்சு, துணி காயப்போட்டா அது பார்க்கிங் இல்ல, கேம்பிங். அதுக்கு வேற ரூல். பழைய கோட்டை, பாதுகாக்கப்பட்ட இடங்கள சுத்தி அந்த மாதிரி கேம்பிங் போட தடை, பெய்னாக் பக்கம் எங்க திரும்பினாலும் ஒரு கோட்டை, அப்ப யோசிச்சுக்கோங்க. அதோட ஊர் மேயர் ஆபீஸ்ல இருந்து போர்டு வெச்சிருப்பாங்க, எங்க நிக்கலாம் எத்தன மணில இருந்து எத்தன மணி வரைன்னு, அத படிக்காம இருந்துட்டு காலைல போலீஸ் கண்ணாடிய தட்டுனா குறை சொல்லக்கூடாது.

காசு குடுக்க பிடிக்காதவங்களுக்கு நடுவழி ரெண்டு மூணு இருக்கு. ஒண்ணு ஊராட்சிகளே நடத்துற ஏர், அதாவது கேம்பிங் காருக்குன்னே உள்ள பார்க்கிங். தண்ணி பிடிக்க, அழுக்கு தண்ணி விட ஒரு மெஷின் இருக்கும், ஒரு ராத்திரிக்கு பெரும்பாலும் 15 யூரோவுக்குள்ள முடிஞ்சிடும், சிலது இலவசம். பக்கத்துல லா ரோக்-கஜாக்ல ஆத்தோரமாவே ஒண்ணு இருக்கு, சீசன்ல சாயங்காலம் 4 மணிக்கே நிரம்பிடும். இன்னொண்ணு பிரான்ஸ் பாசியோன், 1993ல இருந்து நடக்குது, வருஷத்துக்கு ஒரு தடவ மெம்பர் ஆனா விவசாயிங்க, திராட்சை தோட்டக்காரங்க அவங்க நிலத்துல ஒரு ராத்திரி சும்மா நிறுத்த விடுவாங்க. வாங்கணும்னு கட்டாயம் இல்ல, ஆனா ஒரு பாட்டிலோ ஒரு பை வால்நட்டோ வாங்காம வர நமக்குதான் மனசு வராது.

நாங்க கேம்பிங் எடுத்ததுக்கு காரணம் அம்மா. கரண்டு, சுடுதண்ணி குளியல், நிழல், வெளிய நாற்காலி போட்டு உக்காரலாம். வயசானவங்களோட போனா அந்த கொஞ்ச காச மிச்சம் பிடிக்க நினைக்காதீங்க.

தண்ணி, கரண்டு, டாய்லெட் எப்படி?

டாய்லெட்ட மொதல்ல சொல்லிடுறேன், எல்லாரும் கடைசில கூச்சப்பட்டு கேக்குறது அதானே. சீட்டுக்கு கீழ கேசட்னு ஒரு பெட்டி, சக்கரம் வெச்ச சூட்கேஸ் மாதிரி. சுமார் 18, 20 லிட்டர் பிடிக்கும். அஞ்சு பேர்னா ஒண்ணரை நாள் கூட தாங்காது. வெளிப்பக்கம் ஒரு சின்ன கதவு, அத திறந்து உருவி, இழுத்துட்டு போய் அதுக்குன்னு இருக்குற இடத்துல கவுத்து, கழுவி, கொஞ்சம் மருந்து ஊத்தி திரும்ப வெக்கணும். மூக்குல துணி கட்ற அளவுக்குலாம் இல்ல. காலைல 8 மணிக்கு கேம்பிங்ல எல்லா வீட்டு ஆம்பளைங்களும் ஆளுக்கு ஒரு கேசட்ட இழுத்துக்கிட்டு போவாங்க, ஏர்போர்ட்ல போற மாதிரி முகத்த வெச்சுக்கிட்டு, போஞ்சூர் போஞ்சூர்னு சொல்லிக்கிட்டு. பகல்ல கேம்பிங் டாய்லெட்ட பயன்படுத்துங்க, ராத்திரிக்கு மட்டும் வண்டி, அதான் எங்க ரூல்.

பாத்திரம் கழுவுன, குளிச்ச தண்ணி வேற டேங்க்ல சேரும், அத சாக்கடைன்னு நினைச்சு கண்ட இடத்துல திறந்து விடாதீங்க. இந்த ஆத்து படுகை முழுசும் 2012ல இருந்து யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம், அது இல்லைன்னாலும் அசிங்கம்.

கரண்டுதான் நம்மாளுங்க மாட்டுற இடம். கேம்பிங்ல தர்ற கனெக்‌ஷன் 6 ஆம்பியரா 10 ஆம்பியரான்னு பாருங்க. 6 ஆம்பியர்னா 230 வோல்ட்டுக்கு 1380 வாட்தான். கெட்டில் மட்டுமே 2000 வாட் இழுக்கும், போட்ட உடனே டப்புனு போயிடும், அப்புறம் ஆபீஸ்ல போய் தலைய சொறிஞ்சுக்கிட்டு நிக்கணும். 750 வாட் மிக்ஸி ஓடும், ஆனா அதே நேரத்துல வேற எதையும் போடாதீங்க. வண்டி பேட்டரில மிக்ஸி ஓடுமான்னு கேட்டாரு ஒருத்தர், ஓடாது, அது லைட்டுக்கும் போன் சார்ஜுக்கும் தண்ணி மோட்டாருக்கும்தான்.

அப்ப சமையல்?

கேஸ் அடுப்பு ரெண்டு மூணு பர்னர் இருக்கும், குக்கர் வெக்கலாம், இட்லி ஊத்தலாம். நெருப்பு கொஞ்சம் சின்னதுதான், பொறுமை வேணும். தோசைக்கு கல்லு காய்ஞ்சு எண்ணெய் புகைஞ்சா மேல அலாரம் அலறும், கூரை ஜன்னல திறந்து வெச்சுட்டு ஊத்துங்க. மீன் வறுக்கணும்னா வெளிய ஒரு சின்ன அடுப்பு, இல்லைன்னா அந்த வாசன அடுத்த வாரம் வரைக்கும் மெத்தையில இருக்கும். வண்டி ஓடும்போது கேஸ் சிலிண்டர மூடிடணும், இத நான் ஒரு பேப்பர்ல எழுதி ஸ்டீரிங்ல ஒட்டி வெச்சிருந்தேன்.

கோட்டைக்கு ஏற முடியுமா? வயசானவங்க?

ஆத்தோர ரோட்டுல இருந்து கோட்டை வாசல் வரைக்கும் நடந்தா எங்களுக்கு 20, 25 நிமிஷம். தூரம் இல்ல, சரிவுதான். கூழாங்கல் பாவுன பாதை, மழை பெஞ்சா வழுக்கும், செருப்பு போட்டுட்டு கிளம்பாதீங்க. ரெண்டு பக்கமும் கல் வீடு, கூரையும் கல்லுதான், லோஸ்னு சொல்லுவாங்க, தட்டை தட்டையா சுண்ணாம்புக் கல்ல ஓடு மாதிரி அடுக்கியிருப்பாங்க, அந்த பாரத்த தாங்குறதுக்கே உள்ள காடு மாதிரி மரச்சட்டம் வேணும். அங்கங்க ரோஜா கொடி. பாதி வழியில மூச்சு வாங்க நிக்கிற மாதிரி நின்னு ஆத்த பாக்கலாம், யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க.

அம்மாவுக்கு முட்டி வலி. செஞ்சிக் கோட்டைக்கே ஏறுனவ நான்னு ஆரம்பிச்சாங்க, அது நாப்பது வருஷத்துக்கு முன்னாடி. (அந்த செஞ்சியும் 1750ல இருந்து 1761 வரைக்கும் பிரெஞ்சுக்காரங்க கையில இருந்ததுதான்னு சொன்னேன், அப்ப இங்க நம்மகிட்ட டிக்கெட் காசு வாங்கக்கூடாதேன்னாங்க.) ஊர பின்பக்கமா சுத்தி கோட்டை பக்கத்துலயே போய் சேர்ற ரோடு ஒண்ணு இருக்கு, மேலயும் பார்க்கிங் இருக்கு, அதனால அம்மாவ மட்டும் டாக்ஸில அனுப்பிட்டு நாங்க நடந்தோம். இறங்குறப்ப அம்மா நடந்தே வரேன்னு அடம் பிடிச்சு என் தோள பிடிச்சுக்கிட்டே முக்கால் மணி நேரம் இறங்குனாங்க. கோட்டை உள்ளயும் படி உண்டு, உயரமும் தேஞ்சதுமா இருக்கும், அது டாக்ஸியால ஆகாது.

எதிர்க்கரையில இன்னொரு கோட்டை தெரியுதே, அது என்ன? எத பாக்கணும்?

அது கஸ்தெல்நோ. இந்த ரெண்டு கோட்டை கதையும் தெரியாம போனா பாதி ருசி போயிடும், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

பக்கத்து பக்கத்து வீட்டு பங்காளிச் சண்டைய எடுத்து நடுவுல ஒரு ஆத்த விட்டு முன்னூறு வருஷத்துக்கு இழுத்தா எப்படி இருக்கும், அதான் இது. பெய்னாக் பிரபுக்கள் பெரிகோரோட நாலு பெரிய பிரபு வம்சத்துல ஒண்ணு. 12ஆம் நூற்றாண்டு கடைசில இங்கிலாந்து ராஜா சிங்க நெஞ்சன் ரிச்சர்டு இந்த கோட்டைய பிடிச்சு மெர்காதியேன்னு தன்னோட கூலிப்படை தலைவன் கையில குடுத்துட்டாரு. அப்புறம் 1214ல சிமோன் த மோன்ஃபோர், கத்தார்னு (அந்த நாடு இல்ல, அப்ப சர்ச் ஒத்துக்காத ஒரு கிறிஸ்தவப் பிரிவு) ஒரு மதத்துக்காரங்கள ஒழிக்கிறேன்னு சிலுவைப்போர் கிளப்பிட்டு வந்தவரு, இந்த கரையில பெய்னாக்கையும் அந்த கரையில கஸ்தெல்நோவையும் ஒரே வீச்சுல பிடிச்சிட்டாரு. கஸ்தெல்நோ பிரபு பெர்னார் த கஸ்னாக் கத்தார் பக்கம்.

அதுக்கப்புறம் நூறாண்டுப் போர், 1337ல இருந்து 1453. பெய்னாக் பிரெஞ்சு ராஜா கட்சி, கஸ்தெல்நோ பெரும்பாலும் இங்கிலாந்து கட்சி. ஆறுதான் எல்லை. காலைல எந்திரிச்சு ஜன்னல திறந்தா எதிரி வீட்டு ஜன்னல் தெரியும், எலியும் பூனையுமா அப்படி எத்தன தலைமுறை. கடைசியா 1442ல பிரெஞ்சு படை கஸ்தெல்நோவ முற்றுகை போட்டு எடுத்துச்சு. சின்னவன் கேட்டான், பேசி தீத்துக்க வேண்டியதுதானப்பான்னு. ஒரு வீட்டுல ரெண்டு பசங்கள வெச்சிருக்குற எனக்கு அதுக்கு பதில் தெரியும், சொல்லல.

எத பாக்கணும்னா, சின்ன பசங்க இருந்தா கஸ்தெல்நோ. 1985ல இருந்து அங்க இடைக்காலப் போர் அருங்காட்சியகம், வாள், கவசம், குறுக்கு வில்லு, வெளிய கோட்டை மேடையில பாறாங்கல்ல தூக்கி வீசுற ராட்சச கவண் மெஷின்களோட முழு அளவு மாதிரி. பசங்கள அங்கிருந்து கிளப்ப ஐஸ்கிரீம் லஞ்சம் குடுக்க வேண்டியதாச்சு. பெரியவங்களுக்கு பெய்னாக். உள்ள ரொம்ப சாமான் கிடையாது, வெறும் கல்லு, கருகுன சமையற்கட்டு, பிரபுக்கள் கூடுற பெரிய மண்டபம், பக்கத்துல சின்ன பூஜை அறை மாதிரி ஒண்ணுல இயேசுவோட கடைசி விருந்து சுவர் ஓவியம் மங்கி மங்கி தெரியுது. 1960கள் ஆரம்பத்துல ஒரு தனி ஆள் இத விலைக்கு வாங்கி பல வருஷம் பாடுபட்டு நிமித்தியிருக்காரு. மொட்டை மாடில இருந்து பாத்தா ஆறு வளையுறது, எதிர்ல கஸ்தெல்நோ, நம்ம வண்டி தீப்பெட்டி மாதிரி கீழ. அம்மா அந்த கோட்டை சமையற்கட்டுலதான் ரொம்ப நேரம் நின்னாங்க. இவ்ளோ பெரிய அடுப்புக்கு யார் விறகு தூக்கிட்டு மேல வந்திருப்பா, அத எங்கயாவது எழுதி வெச்சிருக்காங்களான்னு கேட்டாங்க.

ஆத்து நடுவுல பாலம் இல்லாம தூண் மட்டும் நிக்குதே?

போட்டோவ பெருசு பண்ணி பாத்திருக்கீங்க போல. பெய்னாக் ரோடு நெருக்கடின்னு சொன்னேன்ல, அதுக்காக ஊர சுத்தி ஒரு பைபாஸ், ஆத்து மேல ரெண்டு பாலத்தோட, மாவட்ட நிர்வாகம் கட்ட ஆரம்பிச்சுது. இந்த பள்ளத்தாக்க கெடுக்காதீங்கன்னு ஒரு கூட்டம் கோர்ட்டுக்கு போச்சு. 2018 டிசம்பர்ல பிரான்சோட உச்ச நிர்வாக நீதிமன்றம் வேலைய நிறுத்திடுச்சு, அடுத்த வருஷம் டிசம்பர்ல போர்தோ மேல்முறையீட்டு கோர்ட் கட்டுனத இடிக்கச் சொல்லிடுச்சு. நாங்க போனப்பவும் தூண் அப்படியேதான் நின்னுச்சு. ஊருக்குள்ள ரெண்டு கட்சியும் இருக்கு, பேக்கரில இத பத்தி வாய திறக்காதீங்க, வரிசை நகராது. என்ன பொறுத்தவரை வேலைக்கு தினமும் அந்த ரோட்டுல போறவனுக்கு கோபம் வர்றது நியாயம்தான், படகுல மல்லாந்து படுத்துக்கிட்டு போன எனக்கு தூண் கண்ண உறுத்துனதும் நிஜம்தான்.

ஆத்துல என்ன பண்ணலாம்? குளிக்கலாமா?

கனூ, அதாவது துடுப்பு போடுற சின்ன படகு, வாடகைக்கு எடுத்து மேல இருந்து ஓட்டத்தோடயே வர்றதுதான் இங்க பெரிய சமாச்சாரம். லா ரோக்-கஜாக் பக்கம் ஏறுனா ரெண்டு மணி நேரத்துல சாவகாசமா பெய்னாக். நீச்சல் தெரியணும், லைஃப் ஜாக்கெட் குடுப்பாங்க. வலது பக்கம் பாறை மேல மார்க்கேசாக் தோட்டம், இடது பக்கம் கஸ்தெல்நோ, வளைவு திரும்புனா எதிர்ல பெய்னாக். கோட்டைய பாக்க இதவிட நல்ல இடம் கிடையாது, மேல ஏறி பாக்குறத விட இதுதான் ஒசத்தின்னு நான் சொல்லுவேன்.

துடுப்பு வேண்டாங்கறவங்களுக்கு கபார். அடி தட்டையான மரப்படகு. முன்னாடி மேல இருக்குற காட்டுல இருந்து மரத்தையும் ஒயின் பீப்பாய் செய்ற கட்டையையும் ஏத்திக்கிட்டு கீழ பெர்ஜெராக், போர்தோ பக்கம் போகும், இப்ப டூரிஸ்ட்ட ஏத்திக்கிட்டு ஒரு மணி நேரம் சுத்தி வருது. அம்மா அதுல வந்தாங்க.

குளிக்கிறது, ஓரத்துல கூழாங்கல் கரையில கால நனைக்கலாம், ஆழம் கம்மி இருக்குற இடத்துல பசங்க விளையாடலாம். ஆனா ஓட்டம் பாக்குறதவிட வேகம், மேல நிறைய மின்சார அணைங்க இருக்கு, தண்ணி திறந்தா மட்டம் திடீர்னு ஏறும். பசங்கள தனியா விடாதீங்க.

பக்கத்துல வேற என்ன?

நிறைய இருக்கு, அதான் ஆபத்து. ஒரு நாளைக்கு ஒண்ணுன்னு வெச்சுக்கோங்க. லா ரோக்-கஜாக், பாறைய முதுகுல சாய்ச்சுக்கிட்டு தெற்கு பாத்து உக்காந்திருக்குற ஊரு, அந்த வெதுவெதுப்புல பாறை அடில பனை, வாழை எல்லாம் வளக்குறாங்க. பிரான்ஸ் கிராமத்துல வாழை மரத்த பாத்துட்டு அம்மாவுக்கு சிரிப்பு தாங்கல, இலைய அறுத்து சாப்பாடு போடலாமேன்னாங்க. அழகான பாறைதான், ஆனா 1957 ஜனவரில அதே பாறை இடிஞ்சு விழுந்து மூணு பேர் செத்துட்டாங்க. தோம், 1281ல பிரெஞ்சு ராஜா மூணாம் பிலிப் மலை மேல கட்டுன கோட்டை நகரம், 1307ல கைதான டெம்ப்ளர்னு சிலுவைப்போர் காலத்து துறவி வீரர்கள அங்க வாசல் கோபுரத்துல அடைச்சு வெச்சிருந்தாங்க, அவங்க சுவத்துல கீறுன படங்க இன்னும் இருக்கு. அந்த வாசல்ல கேம்பிங் கார விட்டுப்பாக்காதீங்க, வெளியவே நிறுத்துங்க.

மிலாந்த் மாளிகை, இதுக்கும் கஸ்தெல்நோவுக்கும் உறவு. 1489ல அந்த கோட்டை வீட்டு எஜமான் பொண்டாட்டிக்காக கட்டுனது, பாவம் அந்தம்மாவுக்கு போர்க்கோட்டைல குடித்தனம் பண்ணி அலுத்திருக்கும். பின்னாடி 1947ல அத பிரபல பாடகியும் நடனக்காரியுமான ஜோசபின் பேக்கர் வாங்கி, 12 பிள்ளைங்கள தத்தெடுத்து அங்க வளத்தாங்க. கடன்ல வீடு போச்சு, 1969ல வெளியேத்திட்டாங்க. 2021ல நாட்டோட பெரிய மனுஷங்களுக்கான நினைவிடமான பாரிஸ் பாந்தியோன்ல இடம் குடுத்து கௌரவிச்சாங்க. சார்லா சந்தை புதன் காலையும் சனி முழுசும், அங்க பழைய சர்ச் ஒண்ணுக்கு கட்டிடக்கலைஞர் ஜான் நூவேல் ராட்சச இரும்பு கதவு போட்டு மூடுன மார்க்கெட்டா மாத்தியிருக்காரு. சனிக்கிழமை அங்க கேம்பிங் காருக்கு பார்க்கிங் தேடுறது நரகம், நாங்க புதன்தான் போனோம், அதுவும் டாக்ஸில.

சைவக்காரங்களுக்கு சாப்பாடு கிடைக்குமா?

கஷ்டம். வாத்து ராஜ்ஜியம். வாத்து கால், வாத்து ஈரல், வாத்து நெஞ்சு. உருளைக்கிழங்குதானேன்னு சார்லா உருளைய ஆர்டர் பண்ணா அதுவும் வாத்து கொழுப்புலதான் பூண்டு போட்டு வறுத்திருப்பாங்க, கேட்டுட்டு சாப்பிடுங்க. எங்கம்மா சைவம், அவங்களுக்கு வண்டி சமையல்தான். ஆனா சந்தையில வாங்குன வால்நட், வால்நட் எண்ணெய், கபேகுன்னு குட்டி ஆட்டுப்பால் சீஸ், பெரிகோர் ஸ்ட்ராபெரி, இதெல்லாம் ஜோரு. கடைங்க மதியம் 12ல இருந்து 2 வரைக்கும் கதவ சாத்திடுவாங்க, பேக்கரிக்கும் வாரத்துல ஒரு நாள் லீவு, எந்த நாள்னு மொத நாளே பாத்து வெச்சுக்கோங்க.

எந்த மாசம் போறது?

மே, ஜூன், செப்டம்பர். ஆகஸ்ட்ல அந்த ஒத்த ரோட்டுல வண்டி நகராது, வெயில்ல வண்டிக்குள்ள அடுப்பு மாதிரி இருக்கும். ஜூலை ஆகஸ்ட்ல ஒரே லாபம், வியாழக்கிழமை ராத்திரி மார்க்கேசாக் தோட்டம் முழுக்க மெழுகுவத்தி ஏத்துவாங்க. குளிர்காலத்துல ஆறு பெருகும், ஆத்தோரம் நிறுத்துறத யோசிச்சு செய்யுங்க.

செலவு எவ்ளோ ஆச்சு?

வண்டி வாடகை ஒரு நாளைக்கு 130 யூரோ, சீசன்ல இன்னும் ஏறும். டீசல் 100 கிலோமீட்டருக்கு 11 லிட்டர் குடிச்சுது. ஓட்டல் ரூம் ரெண்டு போட்டு வெளிய சாப்பிடுறதோட ஒப்பிட்டா பெருசா மிச்சம் இல்ல, மிச்சத்துக்காக இத எடுக்காதீங்க. டெபாசிட்டா ஒரு பெரிய தொகைய கார்டுல பிடிச்சு வெப்பாங்க, அதனால எடுக்குறப்பவே கூரை, பம்பர், சைடு எல்லாத்தையும் வீடியோ எடுத்துக்கோங்க. முந்தின தடவ ஒரு இடத்துல பழைய கீறலுக்கு எங்ககிட்ட காசு பிடிச்சாங்க, ஆதாரம் இல்ல, வாய மூடிக்கிட்டு குடுத்துட்டு வந்தோம்.

பக்கத்து வண்டிக்காரங்க எப்படி? நம்ம சத்தத்துக்கு சண்டைக்கு வரலையா?

ராத்திரி 10 மணிக்கு மேல அடக்கி வாசிக்கணும், அது எல்லாருக்கும். மத்தபடி நல்ல ஜனங்க, பாதி பேர் ரிட்டயர் ஆன பிரெஞ்சு, டச்சு தம்பதிங்க, வாரக்கணக்குல உக்காந்து குறுக்கெழுத்து போட்டுக்கிட்டு இருக்காங்க, எப்படி சாவகாசமா இருக்கணும்னு அவங்கள பாத்துதான் நாங்க கத்துக்கிட்டோம். ரெண்டாவது நாள் அம்மா மிக்ஸில தேங்காய் சட்னி அரைச்ச சத்தம் கேட்டு ஒரு டச்சு தாத்தா எட்டி பாத்தாரு. நான் மன்னிப்பு கேக்கப் போனேன். அவர் என்ன தாண்டி அந்த இட்லி பாத்திரத்தையே பாத்துக்கிட்டு, இது என்ன மெஷின்னு கேட்டாரு. அம்மா நாலு இட்லி தட்டுல வெச்சு குடுத்துட்டாங்க. மறுநாள் காலைல எங்க வாசப்படில ஒரு பை வால்நட், உடைக்கிற இடுக்கியோட.